பாட்டி கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் கிட்டாருக்குப் பக்கப்பட்டை வளைத்தது

எங்கள் பாட்டியின் ஈட்டி மரக் கட்டிலில் மிஞ்சியது தலைமாட்டுப் பலகை மட்டும்தான். ராயபுரத்து வீட்டை இடித்துக் கட்டியபோது கால்களும் சட்டங்களும் யார் யார் வீட்டுக்கோ போய்விட்டன. இந்தப் பலகை பரண் மேல் இருபது வருடம் கிடந்தது. நீளம் ஐந்தரை அடி, அகலம் 6 அங்குலம், தடிமன் ஓர் அங்குலம். பழைய வார்னிஷைச் சுரண்டியதும் கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த கோடுகள் நேராக ஓடின. பலகையின் தலைப்பைச் சீவிப் பார்த்தேன். வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக நின்றன. கிட்டாருக்கு மரம் தேடுகிறவர்கள் கேட்கும் அறுப்பு இதுதான். இப்படி அறுத்த மரம் வளைக்கும்போது குறுக்குவாட்டில் அவ்வளவாகக் குழியாது, ஈரப்பதம் ஏறி இறங்கும்போதும் அதிகம் அகலாது.

என் தம்பி மகள் சர்ச்சில் வாசிக்கிறாள். அவளுக்கு ஒரு கிட்டார் என் கையால் செய்து தருவதாகச் சொல்லி இரண்டு வருடம் ஆகிவிட்டது. பாட்டியின் மரம் அதில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பின்பலகைக்கும் மேல்பலகைக்கும் வேறு மரம் எடுத்துவிட்டேன். இரண்டு பலகைக்கும் நடுவே உடலைச் சுற்றி ஓடும் பக்கப்பட்டைகள் மட்டும் இந்தக் கட்டிலிலிருந்து. இங்கே எழுதுவது அந்தப் பட்டைகளை வளைத்த வேலையைப் பற்றி மட்டும்.

பலகையில் ஒரு பாதி தேறவில்லை. சட்டம் பொருத்திய துளைகள், ஆணி ஓட்டைகள். மற்ற பாதியை மரம் அறுக்கும் மில்லில் கொடுத்து பேண்ட் சாவில் 4 மில்லிமீட்டர் பட்டைகளாக அறுக்கச் சொன்னேன். ஒவ்வோர் அறுப்பிலும் 2 மில்லிமீட்டர் தூளாகப் போய்விடும், ஆகவே நான்கு பட்டைதான் கிடைத்தது. ஒரு கிட்டாருக்கு இரண்டு போதும். ஆனால் இந்த மரத்தில் ஐந்தாவது பட்டை உலகத்தில் எங்கும் கிடையாது. வாங்கிச் சேர்க்க முடியாத மரத்தில் வேலை செய்யும்போது கை தானாகவே மெதுவாகப் போகும் என்று நினைத்திருந்தேன். முதல் பட்டையில் அப்படிப் போகவில்லை.

அதை ராத்திரி முழுக்கத் தொட்டித் தண்ணீரில் ஊறப் போட்டேன். ஊறினால் மரம் மெத்தென்று ஆகும், வளைப்பது சுலபம் என்பது என் கணக்கு. காலையில் தண்ணீர் கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது, மரத்தின் சாயம் இறங்கிவிட்டது. இரும்புக் குழாய்க்குள் கேஸ் டார்ச்சைக் கொளுத்திவிட்டு, பட்டையின் நடுவைக் குழாய் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினேன். ஆவி வந்தது. கொஞ்சம் கொடுத்தது போலவும் இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம், பட்டை இடுப்பில், கிட்டார் குறுகி உள்வாங்கும் இடத்தில், பிளந்துவிட்டது. உடைந்த இடத்தில் ஊசி ஊசியாக நார் நின்றது.

அதை வீட்டில் போட்டுவைக்க மனம் வரவில்லை. ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு காசிமேடு போனேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் இடத்தில் எனக்குத் தெரிந்த ஓர் ஆசாரி இருக்கிறார். ஃபைபரும் இரும்பும் வந்த பிறகு மரப் படகு வேலை குறைந்துவிட்டது. ஆனாலும் பலகை மாற்ற வேண்டுமென்றால் அவரைப் போன்றவர்களைத்தான் தேடி வருகிறார்கள். ஓர் அங்குலத்துக்கும் மேலே தடிமனான பலகையைப் படகின் வயிற்றுக்கு வளைப்பவருக்கு என் 3 மில்லிமீட்டர் பட்டை காகிதம் மாதிரி.

உடைந்த துண்டை வெளிச்சத்துக்குக் காட்டி, விரலால் தடவிப் பார்த்தார்.

“இன்னா தம்பி பண்ண இத?”

“ராத்திரி பூரா தண்ணில ஊற வெச்சேன் அண்ணே. அப்புறம் சூட்டுல வெச்சி வளைச்சேன்.”

“தண்ணில ஊறுனா மரம் வளையுமா? அப்ப மழைல கெடக்குற படகெல்லாம் தானா வளஞ்சிப் பூடணுமே. சூடுதான்பா வளைக்கிது. தண்ணி, மரம் தீயாம இருக்கறதுக்கு.”

பிறகு உடைந்த ஓரத்தைக் காட்டினார். “இங்க பாரு. ரேகை எங்க வெளிய ஓடுது? அங்கதான் புட்டுக்கிச்சி. இது கணு பக்கத்து மரம். இந்த எடத்த நீ இடுப்புல வெச்சிருக்கவே கூடாது.”

பட்டையின் விளிம்பை நான் பார்க்கவே இல்லை. முகத்தில் கோடு நேராக இருந்தால் நார் நேராக இருக்கிறது என்று நம்பிவிட்டேன். விளிம்பில் பார்த்தால் நார் முகத்தை விட்டுச் சாய்ந்து வெளியே ஓடுவது தெரிகிறது. அப்படி நார் வெட்டுப்பட்ட இடத்தை வளைத்தால், நாரும் நாரும் பிடித்திருக்கும் பிடியை மட்டும் நம்ப வேண்டியிருக்கும். நான்கு பட்டைகளில் இதுதான் கணுவை ஒட்டிய வெளிப் பட்டை. உள்ளே போகப் போகச் சாய்வு குறைந்து, மூன்றாவதிலும் நான்காவதிலும் இல்லவே இல்லை.

சூடுதான் வளைக்கிறது என்று அவர் சொன்னதற்கு மரத்துக்குள்ளேயே காரணம் இருக்கிறது. மரத்தின் நார்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது லிக்னின் என்ற பொருள். அது சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். ஈரம் இருந்தால் 100 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகத் தொடங்கும். காய்ந்த மரத்தில் அதைவிட நிறையச் சூடு வேண்டும், அதற்குள் மேல்புறம் கருகிவிடும். ஆகவே தண்ணீர் தேவைதான், ஆனால் கொஞ்சம். ஊறித் தடித்த மரத்தில் குழாயின் சூடெல்லாம் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைப்பதிலேயே செலவாகிறது. முகத்தில் ஆவி பறக்கிறது, உள்ளே மரம் இன்னும் இளகவில்லை. நான் அழுத்திய நேரத்தில் நடந்தது அதுதான்.

வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதை முதலிலேயே போட்டிருக்க வேண்டும். பட்டையை வளைக்கும்போது வெளிமுகம் இழுபடுகிறது, உள்முகம் நெரிபடுகிறது. எவ்வளவு இழுபடும் என்பதற்குத் தடிமனை, வளைவின் ஆரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் போதும். கிட்டார் வடிவத்துக்கு அறுத்த என் அச்சில் இடுப்பின் ஆரம் 75 மில்லிமீட்டர். உடைந்த பட்டையை நான் 2.8 மில்லிமீட்டரோடு நிறுத்தியிருந்தேன். 2.8-ஐ 150-ஆல் வகுத்தால் 1.87 சதவீதம். மரம் இளகிய நிலையிலும் ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் இழுபடாது, ஆனால் நெரிபடுவதை அதைப்போலப் பல மடங்கு தாங்கும். 2.2 மில்லிமீட்டருக்கு இழைத்தால் இழுபடுவது 1.47 சதவீதமாகக் குறையும். 0.6 மில்லிமீட்டர் என்பது கையில் தெரியாத வித்தியாசம். மரத்துக்குத் தெரிகிறது.

இந்த இழுபடும் பக்கத்துக்கு ஒரு காவல் உண்டு. மைக்கேல் தோனெட் என்ற ஜெர்மன் தச்சர் பீச் மரக் கம்புகளை வளைத்து நாற்காலி செய்தவர். 1859-இல் வந்த அவருடைய 14-ஆம் எண் நாற்காலியின் வடிவத்தை நம் ஊர் ஹோட்டல்களிலும் பார்த்திருப்பீர்கள். வளைக்கும் கம்பின் வெளிப்புறத்தில் ஓர் இரும்புப் பட்டையை இறுக்கிக் கட்டிவிடுவார். வெளிப்புற நார் நீள முடியாது, உள்புறம் நெரிந்துதான் ஆக வேண்டும். கிட்டார் பட்டைக்கும் அதே முறை செல்லும். லிங்கிச் செட்டித் தெருவில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தகடு ஒன்று வாங்கி, பட்டை அகலத்துக்கு வெட்டி, இரண்டு முனையிலும் மரக் கைப்பிடி வைத்தேன். சாதாரண இரும்புத் தகடு கூடாது. ஈர ஈட்டி மரத்தோடு இரும்பு நெடுநேரம் ஒட்டிக் கிடந்தால் கறுப்புக் கறை ஏறும்.

குழாயையும் மாற்ற வேண்டியிருந்தது. முதலில் பயன்படுத்தியது ஒன்றரை அங்குலக் குழாய். இடுப்பின் ஆரத்தைவிட ரொம்பச் சின்னது, மரத்தை ஒரே கோட்டில் மடிக்கப் பார்த்தது. காயலாங்கடையில் 3 அங்குல எம்.எஸ். (பூச்சில்லாத இரும்பு) குழாய்த் துண்டு எடைக்குக் கிடைத்தது. லேத் பட்டறையில் வைஸில் வைத்து நசுக்கி முட்டை வடிவமாக்கிக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் அகன்ற வளைவு, மறுபக்கம் இறுக்கமான வளைவு, இரண்டும் ஒரே குழாயில். அந்தக் கடையில் ஜி.ஐ. குழாய் மலிவாக நிறையக் கிடந்தது. அதை எடுக்காதீர்கள். மேலே பூசிய துத்தநாகம் டார்ச் சூட்டில் புகையாகும், அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் காய்ச்சல் கண்டு படுக்க வேண்டியதுதான். டார்ச்சையும் விட்டுவிட்டேன். தீ ஒரே இடத்தில் குவிகிறது. 2000 வாட் ஹாட் ஏர் கன்னைக் குழாயின் பின்வாயில் பொருத்தி, முன்வாயைத் தகட்டால் முக்கால்வாசி அடைத்ததும் சூடு சீராக நின்றது. அச்சு மேல் பட்டையை வைத்து அடியில் பல்பு வெளிச்சத்தின் சூட்டில் வளைக்கும் இயந்திரம் ஒன்றும் உண்டு, அமெரிக்காவின் சார்லஸ் ஃபாக்ஸ் உருவாக்கியது. நிறைய கிட்டார் செய்கிறவர்களுக்கு அது சரி. ஒரே ஒரு கிட்டாருக்கு அந்த அச்சும் ஸ்பிரிங்கும் செய்வது வேலைக்கு மேல் வேலை.

சூட்டுப் பதம் பார்க்க மீட்டர் எதுவும் வாங்கவில்லை. தோசைக்கல்லுக்குத் தெளிப்பது போல நாலு சொட்டுத் தெளித்தேன். சொட்டு படர்ந்து மெதுவாகக் கொதித்தால் சூடு போதாது. பட்டதும் சுர்ரென்று சீறி மறைந்தால் சரியான பதம். சொட்டு முத்தாகத் திரண்டு குழாய் மேல் ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது, அதில் மரத்தை வைத்தால் ஐந்தாறு நொடியில் பழுப்பேறும். மூன்று நிலையையும் கண்ணால் பார்த்துப் பழகிய பிறகு தெளிக்காமலேயே கை கிட்டே கொண்டுபோனால் தெரிந்தது.

தேறாத பாதிப் பலகையிலிருந்து ஓர் அங்குல அகலத்தில் ஒன்பது சில்லுகள் அறுத்தேன். அதே கட்டில், அதே மரம். எல்லாவற்றையும் 2.2 மில்லிமீட்டருக்கு இழைத்து ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தேன். முதல் மூன்று போய்விட்டன, இரண்டு கருகின, ஒன்று விரிசல். நாலாவதில்தான் அந்தக் கணம் கைக்குப் பிடிபட்டது. அதைச் சொல்லில் கொண்டுவர முயல்கிறேன். பட்டையைக் குழாய் மேல் வைத்து லேசான பாரம் மட்டும் கொடுத்து முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் அது பலகையாகவே இருக்கும், உங்கள் கையைத் திருப்பித் தள்ளும். அப்புறம் அந்தத் தள்ளல் இல்லாமல் போகும். வெண்ணெய் உருகுவது போலச் சத்தமே இல்லாமல் நடக்கும். நீங்கள் அழுத்தத்தைக் கூட்டியிருக்க மாட்டீர்கள், பட்டை மட்டும் கீழே போயிருக்கும். அந்தத் தள்ளல் இருக்கும்வரை அழுத்தக் கூடாது, போனதும் தயங்கக் கூடாது. மரம் இளகி நிற்பது சில நொடிகள்தான். ஈட்டி மரத்தில் அந்த நேரம் ஓர் இனிப்பான வாசனையும் கிளம்பும். ஆறாவது சில்லிலிருந்து நான் வாசனைக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன்.

இழைக்கும் வேலை பற்றி ஒரே ஒரு வார்த்தை. ஈட்டித் தூள் சிலருக்கு ஒவ்வாது, தோலில் தடிப்பும் மூச்சிரைப்பும் வரும். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், தூளை மாடியிலிருந்து தெருவுக்குத் தள்ளாதீர்கள்.

பொங்கல் முடிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மொட்டை மாடியில், காலை ஏழு மணிக்கு மூன்றாவது பட்டையை எடுத்தேன். இரண்டாவது இன்னும் கொஞ்சம் சாய்வு நார் உள்ளது, அதை உபரியாக ஒதுக்கினேன். மூன்றும் நான்கும் ஜோடி. ஒரே பலகையிலிருந்து அடுத்தடுத்து அறுத்தவை, புத்தகத்தைத் திறந்தது போல விரித்தால் கோடுகள் ஒன்றுக்கொன்று எதிரொளிக்கும். இங்கே ஒரு பெரிய தப்பு செய்ய இடமிருக்கிறது. இரண்டையும் ஒரே பக்கமாக வளைத்துவிட்டால் இரண்டு வலப்பட்டை ஆகிவிடும், இடப்பட்டை இல்லாத கிட்டார். ஆகவே இரண்டையும் விரித்துவைத்து, சாக்கட்டியால் ‘வெளிமுகம்’, ‘கழுத்து’, ‘வால்’, ‘மேல்விளிம்பு’ என்று எழுதி, இடுப்பின் நடுக்கோட்டைக் குறுக்கே இழுத்தேன். தண்ணீர் பட்டால் சாக்கட்டி போகும் என்பதால் அதன் மேல் வெள்ளைப் பென்சிலிலும் எழுதினேன்.

வேலையை இடுப்பில்தான் தொடங்க வேண்டும். இருப்பதிலேயே இறுக்கமான வளைவு அது. மற்ற இரண்டு வளைவும், அதாவது கழுத்துப் பக்கத் தோளும் வால் பக்க வயிறும், எங்கே தொடங்கும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. இடுப்பில் பட்டையின் வெளிமுகம்தான் குழாயைத் தொடும், தகடு உள்முகத்தில் இருக்கும். தோளுக்கும் வயிற்றுக்கும் போகும்போது பட்டையைப் புரட்ட வேண்டும், அப்போது உள்முகம் குழாய்ப் பக்கம், தகடு வெளியே. தகட்டை மாற்றிப் பிடிக்க மறந்தால் அது எதையும் காக்காது, சும்மா சூட்டை மறைக்கும்.

ஊறவைக்கவில்லை. இரண்டு முகத்திலும் ஸ்ப்ரேயரால் தெளித்து, பத்து நிமிடம் ஈரத்துணிக்குள் வைத்தேன், அவ்வளவுதான். தோல் கையுறை மாட்டிக்கொண்டு நடுக்கோட்டைக் குழாயின் குறுகலான பக்கத்தில் வைத்தேன். உருட்டினேன். தள்ளியது. உருட்டிக்கொண்டே இருந்தேன். காசிமேட்டுக்காரர் சொன்னது நினைவில் இருந்ததால் கை சும்மா இருந்தது. வாசனை வந்தது, பட்டை இறங்கியது. அப்படியே நகர்த்தி ஒரு விரற்கடை தள்ளி அடுத்த இடம். ஒரே இடத்தில் மடிக்காமல் நடுக்கோட்டின் இரண்டு பக்கமும் பரப்பிப் பரப்பி வளைத்ததில் அரை மணி நேரத்தில் இடுப்பு அச்சோடு பொருந்தியது.

முழுதாகப் பொருந்தவில்லை. குறுக்குவாட்டில் இரண்டு ஓரமும் கொஞ்சம் எழும்பி நடு குழிந்திருந்தது. ஈரம் தெளித்து மறுபடி குழாயில் வைத்து, தட்டையான மரக்கட்டையால் மேலிருந்து அமுக்கிப் பிடித்து ஆறவிட்டதும் நேரானது. இடுப்பு முடிந்ததும் வயிறு, பிறகு தோள். குழாய்க்குப் பட்டை கொஞ்சம் கோணலாகப் போனாலும் முறுக்கு விழும். அதைக் கண்டுபிடிக்க அடிக்கடி சமையலறைக்கு ஓடினேன். அங்கே மேடையில் கடப்பைக் கல். வளைந்த பட்டையை விளிம்பு கீழாக அதன் மேல் நிறுத்தினால் எந்த மூலை தூக்குகிறது என்று தெரிந்துவிடும். பட்டையின் ஒரு முனை 4 மில்லிமீட்டர் தூக்கியது. தோள் பகுதியை மட்டும் மறுபடி சூடாக்கி எதிர்ப்பக்கம் முறுக்கி எடுத்தேன்.

நான்காவது பட்டை இதைவிடக் கடினமாக இருந்தது. மூன்றாவதற்கு அச்சோடு ஒத்தால் போதும். இதற்கு அச்சோடும் ஒக்க வேண்டும், ஜோடியோடும் ஒக்க வேண்டும். வயிற்று வளைவில் ஒருமுறை குழாய் சூடு மிஞ்சியிருந்தது, தெளித்துப் பார்க்காமல் வைத்துவிட்டேன். இரண்டு விரல் அகலத்துக்குப் பழுப்பு ஏறிவிட்டது, நல்லவேளை உள்முகத்தில். ஸ்கிரேப்பரால் நாலு இழுப்பில் போய்விட்டது. வெளிமுகமாக இருந்தால் சுரண்டிய பள்ளம் வெளியே தெரிந்திருக்கும்.

மதியம் இரண்டு மணிக்கு இரண்டையும் அந்த அச்சுக்குள், அதாவது மோல்டுக்குள், வைத்தேன். சைடன்ஹாம்ஸ் ரோட்டில் வாங்கிய 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை ஐந்தடுக்காக ஒட்டி அறுத்த மோல்டு. உள்ளிருந்து தள்ளிப் பிடிக்க இடுப்பிலும் வயிற்றிலும் திருகாணி வைத்த முட்டுக்கட்டைகள். மறுநாள் காலை ஆவலில் எடுத்துப் பார்த்தேன். அது அவசரம். இடுப்பு மோல்டை விட்டு 14 மில்லிமீட்டர் விரிந்துவிட்டது. வளைத்த மரம் முழுதாக உலர்வதற்குள் விட்டால் பழைய நேர்நிலைக்குத் திரும்பப் பார்க்கும். கடலிலிருந்து ஆறு தெரு தள்ளி இருக்கும் வீட்டில் ராத்திரிக் காற்றில் எதுவும் உலராது. தண்ணீரே தெளிக்காமல் குழாயில் மீண்டும் லேசாகச் சூடுகாட்டி, தேவையானதைவிடத் துளி அதிகமாக வளைத்து மோல்டில் இறுக்கினேன். பகலில் வெயில் படும் அறையில், ஒரு வாரம் தொடவில்லை. அடுத்த ஞாயிறு முட்டுக்கட்டைகளைத் தளர்த்தியபோது 3 மில்லிமீட்டர்தான் விரிந்தது. கை விரலால் அழுத்தினாலே உட்காரும் அளவு.

இவ்வளவு பாடும் பட்டைக்கா, சத்தம் வருவது மேல்பலகையிலிருந்துதானே என்று தம்பி மகள் கேட்டாள். உண்மைதான். ஸ்பெயினில் ஆன்டோனியோ டி டோரஸ் 1862-இல் பக்கத்தையும் பின்பக்கத்தையும் அட்டையால் செய்து, மேல்பலகையை மட்டும் நல்ல மரத்தில் போட்டு ஒரு கிட்டார் கட்டிக் காட்டினார். ஆனால் மேல்பலகை துடிப்பதற்கு அதன் ஓரம் அசையாமல் பிடிபட வேண்டும், பிடிப்பது இந்தப் பட்டைகள். வலுக்கட்டாயமாக இழுத்து ஒட்டிய பட்டை எப்போதும் விலகவே பார்க்கும், அந்த இழுப்பைப் பசை வருடக்கணக்கில் சுமக்க வேண்டும். தானாகவே அந்த வடிவில் நிற்கும் பட்டைக்குப் பசை வெறும் துணை.

பட்டைகளின் முனைகளை மோல்டின் நடுக்கோட்டில் வெட்டி, கழுத்துக் கட்டையையும் வால் கட்டையையும் மகாகனியில் செய்து ஒட்டினேன். ஈட்டி எண்ணெய்ப் பசையுள்ள மரம். ஒட்டுமுன் அந்த இடத்தை அசிட்டோனால் துடைக்காவிட்டால் பிடிப்பு சரியாக வராது. வால் பக்கம் இரண்டு பட்டையும் சந்திக்கும் இடத்தில் அரை மில்லிமீட்டர் இடைவெளி. அங்கே எப்படியும் ஒரு மெல்லிய பட்டி பதிக்கப் போகிறேன், மறைந்துவிடும்.

உள்விளிம்பில் ஓடும் லைனிங் பட்டிகளை, வளையும்படி நெருக்கமாகக் கீறி ஒட்டினேன். அத்தனை கிளாம்ப் என்னிடம் கிடையாது. துணி காயப்போடும் மரக் கிளிப் ஆறு டஜன் வாங்கி, பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி ஒவ்வொன்றின் வாயிலும் மாட்டினால் பிடி இரண்டு மடங்கு. ஒரு விளிம்புக்கு 64 கிளிப் ஆனது. மறுநாள் ஒவ்வொன்றாகக் கழற்றி, மோல்டின் திருகைத் தளர்த்தி, சட்டத்தை முதல்முறையாக வெளியே எடுத்தேன். கடப்பைக் கல் மேல் வைத்தேன். எந்த மூலையும் தூக்கவில்லை. தம்பி மகள் அதை இரண்டு கையாலும் எடுத்து, மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல் வெறும் வளையமாக இருந்ததை மடியில் வைத்து, வலது கையை இடுப்பு வளைவின் மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.